ஜென் காரின் அலுமினிய மூடியும் மூன்று தலைமுறைப் பசையும்

வண்டி 1998 மாடல் மாருதி ஜென். அப்பா வாங்கியது. அவர் ஓட்டி, அதிலேயே நான் ஓட்டப் பழகி, தங்கச்சி ஒருமுறை கேட்டில் இடித்து, இப்போது கோயமுத்தூர் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. விற்க மனசில்லை. வாரம் ஒருமுறை காந்திபுரம் வரைக்கும் ஒரு சுற்று, அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் நாலு மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே சொட்டவில்லை, புகையும் வெள்ளையாக வரவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேல் ஹோஸ் வந்து மாட்டும் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடுகிற வால்வு) மூடிக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கசிகிற தண்ணீர் எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது, அதனால்தான் தரையில் தடயம் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் கசிவு இல்லை. கசிவை நிறுத்துவது அரை மணி நேர வேலை. அந்த மூடியில் இருந்த பழைய பசையை எடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது, நடுவில் ஒரு மூடியையே காலி பண்ணினேன். அந்தக் கதை யாருக்காவது உதவும்.

ஜென்னில் 993 சிசி எஞ்சின். பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். 1993இல் இந்த வண்டி வந்தபோது அதுதான் பேச்சாக இருந்தது. இரும்பைவிட எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும், எல்லாம் சரி. ஆனால் கழற்றிச் சுரண்டுகிறவனுக்கு அலுமினியம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கையில் இருக்கிற இரும்புக் கருவி எல்லாமே அதைவிடக் கடினம். பசை போகும்வரை சுரண்டினால் பசையோடு உலோகமும் போகும்.

எஞ்சின் நன்றாக ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே ஒரு பேசின் வைத்துத் தண்ணீரை இறக்கினேன். துருக் கலரில் வந்தது. கூலன்ட் ஊற்றிப் பல வருடம் ஆகியிருக்கும், இடையில் யாரோ போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். (யாரோ என்ன, நான்தான். சத்தியமங்கலம் போகும்போது, 2016 வாக்கில்.) இரண்டு போல்ட்டைக் கழற்றினேன், மூடி வரவில்லை. மரச் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டினேன், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பலாம் என்று கை போனது, அதை மட்டும் செய்யவில்லை. அந்த இடுக்கில் விழுகிற ஒரு கீறல்தான் அடுத்த கசிவுக்கு வாய்க்கால். ஹீட் கன்னை ஐந்து நிமிடம் காட்டி மறுபடி தட்டியதும் "டப்" என்று விட்டது.

கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று விதமான பசை, ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே, வெளி விளிம்பைச் சுற்றி, எம்-சீல். விரல் ரேகை பதிந்த சாம்பல் நிறக் கட்டி. அதற்குள், இரண்டு முகங்களுக்கும் நடுவில், பிதுங்கி நின்ற கறுப்பு சிலிகான். பட்டறைகளில் மொத்தமாக அனபாண்ட் என்றே சொல்லுவோம், எந்தக் கம்பெனி டியூபாக இருந்தாலும். அதற்கும் அடியில், கசியாமல் இருக்க இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைக்கிற காகிதப் பேக்கிங்கின் மிச்சம், காப்பிப்பொடி நிறத்தில், கண்ணாடி மாதிரி இறுகிப் போன ஷெல்லாக்கோடு. அதாவது முதலில் ஒருவர் ஒழுங்காகப் பேக்கிங் போட்டு ஷெல்லாக் தடவியிருக்கிறார். அடுத்தவர் அதைச் சுரண்டாமல் மேலேயே சிலிகான் பிதுக்கியிருக்கிறார். மூன்றாமவர் கழற்றவே இல்லை, வெளியே எம்-சீல் பூசி அனுப்பிவிட்டார். மூன்று பேருக்கும் அப்பா காசு கொடுத்திருக்கிறார்.

எம்-சீல்தான் சுலபமாகப் போனது. அது இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டுகிற எபாக்சி. இறுகிவிட்டால் பெட்ரோலும் தின்னரும் ஒன்றும் செய்யாது, ஆனால் சூட்டுக்கு இளகும். இங்கே அலுமினியம் ஒரு விளையாட்டுக் காட்டும். ஹீட் கன்னை ஒரு மூலையில் காட்டினால் அந்தச் சூடு மூடி முழுவதும் ஓடிப் பரவிவிடும், காட்டுகிற இடம் மட்டும் சூடாகவே ஆகாது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமை போய் சுத்தியலைத் தேடுவோம். பொறுக்க வேண்டும். மூடியை ஒரு செங்கல் மேல் வைத்துச் (இரும்பு வைஸில் கட்டினால் வைஸ் சூட்டை வாங்கிக்கொள்ளும்) சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிற பதம் வந்ததும், ஒரு பழைய பிளாஸ்டிக் சாம்பார் கரண்டியின் காம்பால் அழுத்தினேன். கரண்டி உருகியது. சரி என்று மூங்கில் குச்சியை உளி மாதிரி சீவிக்கொண்டு தள்ளினேன். காய்ந்த பலாப்பிசின் மாதிரி கட்டி கட்டியாக வந்துவிட்டது.

அந்த மூங்கில் உளியைப் பற்றிக் கொஞ்சம். பழைய மூங்கில் தட்டியில் இருந்து ஒரு சாண் நீளம் எடுத்து, பச்சைத் தோல் இருந்த பக்கம் வெட்டுவிளிம்பாக வருகிற மாதிரி சாய்வாகச் சீவ வேண்டும். அந்தத் தோல் பக்கம்தான் மூங்கிலில் இறுகின பகுதி. மழுங்கினால் உப்புத்தாளில் நாலு இழுப்பு. இது பசையைத் தள்ளும், அலுமினியத்தில் கோடு போடாது. ஏடிஎம் கார்டு, ஐஸ்கிரீம் குச்சி எல்லாம் முயற்சி செய்தேன், எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

இப்போது முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

எம்-சீல் போன சந்தோஷத்தில் மீதி இரண்டும் சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன். பெட்ரோலில் துடைத்தேன், சிலிகான் அசையவில்லை. தின்னர், அசையவில்லை. பிளேடால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் ஒரு மில்லிமீட்டர் கிழிந்து அறுந்துபோகும், மறுபடி முதலில் இருந்து. இரவு ஒன்பதரை. குளியலறையில் சாக்கடை அடைப்பு எடுக்கிற பொடி ஒரு பாக்கெட் இருந்தது. முடி, சோறு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் கரைக்கும் என்று போட்டிருக்கிறதே, பசையைக் கரைக்காதா என்று ஒரு பிளாஸ்டிக் மக்கில் வெந்நீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் பொடி போட்டு, மூடியை உள்ளே போட்டேன்.

பத்து விநாடியில் சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரைத்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷம் வேறு. மக் கையில் பிடிக்க முடியாத சூடானது, மூக்கை அரிக்கிற ஒரு ஆவி. பயந்துபோய் இருபது நிமிடம் கழித்துக் குச்சியால் தூக்கி எடுத்தால், சிலிகான் அப்படியே சிரித்துக்கொண்டு இருக்கிறது, சுற்றி இருந்த அலுமினியம் அடுப்புக்கரி நிறத்துக்குப் போயிருக்கிறது. விரலால் தேய்த்தால் கறுப்பு மை வருகிறது. கழுவிப் பார்த்தால், பேக்கிங் உட்காரும் முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

மறுநாள் காலை அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "அலுமினியச் சட்டியில சோடா உப்பு போட்டா கறுத்துப் போகும்னு எனக்கே தெரியும். நீ எதுக்கு இஞ்சினியருக்குப் படிச்ச?"

பதில் இல்லை. அந்தப் பொடி காஸ்டிக் சோடா. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும், சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் அதுதான் அந்த உலோகத்துக்குக் கவசம். கீறினாலும் காற்றுப்பட்ட உடனே திரும்ப வளர்ந்துகொள்ளும். அமிலமும் அந்தத் தோலைத் தின்னும், காரமும் தின்னும், இரண்டுக்குமே அது பணிந்துபோகும். காஸ்டிக்கில் தோல் கரைந்ததும் உள்ளே இருக்கிற அலுமினியம் நேரடியாகக் கரைய ஆரம்பிக்கிறது, அந்த நுரை முழுக்க ஹைட்ரஜன் வாயு. மூடிய குளியலறையில், பக்கத்தில் கீசர் ஓடிக்கொண்டிருக்க, ஹைட்ரஜன். கறுப்பு என்னவென்றால், வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன், செம்பு எல்லாம் கலந்திருக்கும், அலுமினியம் கரைந்துபோக அவை மட்டும் கரி மாதிரி மேலே தங்கிவிடுகின்றன. எஞ்சின் பிசுக்கு எடுக்கிற திரவங்களிலும் பலவற்றில் காரம் இருக்கிறது, அடுப்பு கழுவுகிற ஸ்பிரேயில் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற பெயர் இருந்தால் அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டும் அப்படித்தான், அது வேறு வழியில் தின்னும்.

அம்மா சொன்ன இன்னொன்றும் உண்மை: கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தோலோ புளியோ போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுக்கும். மூடியைப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பார்த்தேன், கறுப்பு கொஞ்சம் போனது. தழும்பு எங்கே போகும்.

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் தேடி இன்னொரு மூடி பிடித்தேன். இருநூறு சொன்னார், நூற்றி ஐம்பதுக்குக் கொடுத்தார். அதிலும் கறுப்பு சிலிகான், அதற்கு அடியில் ஷெல்லாக். ஊர் முழுக்க ஒரே வழக்கம்தான் போல. இந்த மூடி வந்து உட்காருகிற, வண்டியிலேயே இருக்கிற மேனிஃபோல்ட் முகத்திலும் அதே கதை, அதைக் கழற்றி எதிலும் ஊறவைக்க முடியாது. எனவே இந்த முறை உட்கார்ந்து யோசித்தேன். பசை எது என்று தெரியாமல் கரைப்பானைத் தேடியதுதான் என் தப்பு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மருந்து கிடையாது.

ஷெல்லாக் என்றால் அரக்கு. பழைய தச்சர்கள் மரத்துக்குப் பாலீஷ் போட அரக்கை எதில் கரைப்பார்கள்? ஸ்பிரிட்டில். அவ்வளவுதான் விஷயம், இத்தனை வருடம் இது மண்டையில் உறைக்கவில்லை. வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கின ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேன் ஒன்று பாதி இருந்தது. பனியன் வேஸ்டை அதில் நனைத்துப் பேக்கிங் மிச்சத்தின் மேல் வைத்து, காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரால் மூடி, ஒரு மணி நேரம் விட்டேன். திறந்தால் துணி டீ கலரில் இருந்தது. காகிதம் ஊறின அப்பளம் மாதிரி, மூங்கிலால் தள்ளினதும் சுருண்டு வந்துவிட்டது. இரண்டு வேளை செய்தேன். மிச்சம் இருக்கிற சானிடைசரையே இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், ஊறவைக்கச் சரி, கடைசித் துடைப்புக்கு வேண்டாம். அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது ஒரு படலமாகத் தங்கும்.

சிலிகான் தான் பிடிவாதக்காரன். இறுகிப்போன சிலிகானைக் கரைக்க வீட்டில் எதுவும் கிடையாது, இதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயிண்டில் ஊற்றுகிற டர்பன்டைன், இந்த வகை எண்ணெய்களை அது உறிஞ்சி உப்பும். உப்பினால் பிடி தளரும். முதல் நாள் நான் பெட்ரோலில் துடைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டினது தப்பு, அதற்கு ஒரு ராத்திரி வேண்டும். பெட்ரோல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். உறைகிற குளிரில்கூட ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்கிற சாமான் அது, மொட்டைமாடி வெயிலில் திறந்து வைப்பதற்கு இல்லை. மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது. பெயிண்ட் கடை டர்பன்டைன் ஒரு லிட்டர் வாங்கி, மூடியை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் முழுக்கப் போட்டு ராத்திரி விட்டேன். காலையில் எடுத்தால் சிலிகான் புழு மாதிரி பருத்து நெளிந்திருந்தது. கட்டைவிரலை விளிம்பில் வைத்து உருட்டினேன், நீள நாடாவாக உரிந்து வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்பது நாளும் தகும்.

ஊறவைத்த எதையும் ஹீட் கன்னுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. சூடு ஒரு நாள், திரவம் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன். கையுறை போடுங்கள், டர்பன்டைன் தோலை உலர்த்திப் பிளக்கும், எனக்குப் பிளந்தது.

மேனிஃபோல்ட் முகம்தான் நேரம் தின்றது. அது வண்டியிலேயே இருக்கிறது, நடுவில் தண்ணீர் போகிற ஓட்டை, உள்ளே போகிற ஒவ்வொரு துகளும் ரேடியேட்டர் வரைக்கும் பயணம் போகும். பனியன் வேஸ்டை உருட்டி ஓட்டைக்குள் இறுக அடைத்து, ஒரு நூல் கட்டி வெளியே தொங்கவிட்டேன், மறந்து உள்ளேயே விட்டு மூடிவிடக் கூடாதல்லவா. டர்பன்டைன் நனைத்த துணியை அந்த முகத்தின் மேல் வைத்து, பாலிதீன் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஆபரேஷன் முடிந்த முழங்கால் மாதிரி இரண்டு ராத்திரி விட்டேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான்.

பட்டறைகளில் இதற்கு ட்ரில்லில் ஒரு நார்ப் பட்டை வட்டு மாட்டி "ஜர்ர்" என்று இரண்டு நிமிடத்தில் பளபளப்பாக்கிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த வட்டிலும் சமையலறைப் பச்சை நாரிலும் கலந்திருப்பது உராய்வுத் துகள், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது உப்புத்தாளில் இருக்கிற அதே சரக்கு. அது உதிர்ந்து ஆயில் பாதைக்குள் போனால் பேரிங்குகளை அரைத்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தனி எச்சரிக்கையே அனுப்பியிருக்கிறது. அதைத் தவிர, வட்டு மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றுபோலத் தேய்க்காது. பசை இருக்கிற இடத்தில் குறைவாகவும் வெறும் உலோகத்தில் அதிகமாகவும் தின்னும், கண்ணுக்கு மினுமினுப்பாக இருக்கிற முகம் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அலை அலையாக இருக்கும். ஸ்டீல் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் குத்திக்கொண்டு தங்கி, ஈரம் பட்டதும் அங்கேயே அரிப்பு ஆரம்பிக்கும்.

நான் பயன்படுத்தினது நகைப் பட்டறைகளில் வைத்திருக்கிற சின்னப் பித்தளை பிரஷ். ராஜ வீதிப் பக்கம் வாங்கினேன். பித்தளையும் அலுமினியத்தைவிடக் கடினம்தான், ஆனால் அந்தக் கம்பிகள் முடி மாதிரி மெல்லியவை, அழுத்தாமல் தேய்த்தால் வளைந்துகொடுக்கும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, வார்ப்பின் சொரசொரப்பில் அப்பியிருந்த மிச்சத்தை எடுக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

பசை போச்சா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சிலிகான் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமாகவும் தங்கும், அதன் மேல் புதுசாக எதுவும் ஒட்டாது. பழைய சிலிகான் மேல் புது சிலிகான்கூட ஒழுங்காகப் பிடிக்காது. இரண்டாவது ஆள் ஷெல்லாக்கின் மேல் பிதுக்கினாரே, அவருக்குக்கூட ஒரு வாய்ப்பு இருந்தது, சிலிகானுக்கு மேல் சிலிகான் பிதுக்குகிறவருக்கு அதுவும் இல்லை. எனவே தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டும். முகத்தைப் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் வெந்நீர் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி, சோப்புப் போக அலசி, சாய்த்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை மேலே வழியவிடுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக, கண்ணாடித் தாள் போர்த்தின மாதிரி நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெயோ சிலிகானோ இருக்கிறது. என் மூடியில் ஒரு போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று முறை முத்து விழுந்தது. நாலாவது முறைதான் விரிந்தது.

பிறகு மூடியின் முகம் மட்டமா என்று பார்த்தேன். பழைய டீப்பாய்க் கண்ணாடியின் மேல் 400 நம்பர் எமரித் தாளை ஒட்டி, இரண்டு சொட்டு டர்பன்டைன் விட்டு, மூடியின் முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தேன். முதல் பத்து சுற்றில், போல்ட் போகிற இரண்டு காதுகளின் ஓரத்தில் மட்டும் பென்சில் அழிந்தது, நடுவில் அப்படியே இருந்தது. முன்பு எப்போதோ இரும்பு போல்ட்டை யாரோ வெறி பிடித்து இறுக்கியதில் காதுகள் வளைந்திருக்கின்றன. எல்லாக் கோடும் அழிய முக்கால் மணி நேரம். எங்கள் தெருமுனையில் லேத் வைத்திருக்கிற அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, கொண்டாந்திருந்தா பேஸ் எடுத்து ரெண்டு நிமிசத்துல குடுத்திருப்பனே" என்றார். கொடுத்திருப்பார்தான். அப்புறம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து முகத்தின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஸ்கேலுக்கு அடியில் ஒளி கசியவில்லை. ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கழுவி, துகள் போக மறுபடி கழுவி, இன்னொரு முறையும் கழுவினேன்.

மாட்டும்போது புதுக் காகிதப் பேக்கிங், இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் மெல்லிசாக சிலிகான். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது காய்கிறபோது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை, உலோகத்தை அரிக்கும். வாசனை அடிக்காத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள், ஐம்பது ரூபாய் கூட இருக்கலாம். அப்புறம் பிதுக்கோ பிதுக்கு என்று பிதுக்கினால், வெளியே வருகிற அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், வெளியே இருப்பது தெரியும், உள்ளே இருப்பது அறுந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். காற்றில் இருக்கிற ஈரத்தில்தான் அது இறுகுகிறது, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். போட்ட அரை மணியில் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி அனுப்புவதால்தான் மூன்றாமவர் எம்-சீல் எடுக்க வேண்டி வருகிறது.

இந்த வேகத்திலேயே வீல்களையும் கையில் எடுத்தேன். அப்பா 2003இல் ஆசைப்பட்டு மாட்டின 13 அங்குல அலாய்கள். உள்பக்கம் பேலன்சிங் எடைக்கட்டி ஒட்டி எடுத்து ஒட்டி எடுத்து, நுரைப் பசை திட்டுத் திட்டாக, அதன் மேல் இருபது வருட பிரேக் கரி. இங்கே தின்னர், அசிட்டோன் எதையும் தொடக் கூடாது, வீலின் மேல் இருக்கிற லாக்கர் பூச்சு பாலாடை மாதிரி சுருங்கிவிடும். இந்தப் பசைக்கு எங்கள் ஊர் மருந்தே போதும்: நீலகிரித் தைலம். ஜலதோஷத்துக்கு வாங்கி வைத்த ஊட்டி யூகலிப்டஸ் தைலம்தான். முதலில் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி நுரையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டு, தங்கச்சியின் டிரையர் ஆறின பிறகு, மிச்சத்தில் தைலத்தைத் துணியில் தொட்டுப் பத்து நிமிடம் வைத்தேன். பசை சளி மாதிரி ஆகி வழித்தெடுக்க வந்தது. தெரு முழுக்க நெஞ்சுச்சளிக்காரன் வீட்டு வாசனை. பூச்சு என்ன ஆகும் என்று பயமாக இருந்தால், தெரியாத ஒரு மூலையில் தடவிப் பாருங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் வைத்து, வீல் ஆறியிருக்கும்போது. ஒரு வீலுக்கு ஒரு மணி நேரமும் கால் பாட்டில் தைலமும் ஆனது. மூன்று வீல் முடிந்தது, நாலாவது இன்னும் அப்படியே.

கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, காற்று போக எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மூடிக்கு அடியில் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் செருகி வைத்தேன். மூன்று வாரம் ஆகிறது, நடுவில் ஒருமுறை பாலக்காடு வரைக்கும் போய்வந்தாயிற்று. பேப்பர் தூசியில் பழுப்பாகியிருக்கிறது, பச்சை இல்லை.

கறுத்துப்போன பழைய மூடியை எடைக்குப் போடலாம் என்று தேடினால் காணோம். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மல்லாக்கக் கிடக்கிறது, அதில் அம்மா துணி சோப்பை வைத்திருக்கிறார். ஹோஸ் மாட்டுகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடுகிறதாம், சோப்பு கரைவதில்லையாம். சோப்பும் காரம்தானே, இன்னும் கறுக்கும் என்றேன்.

"இதுக்கு மேல அது எங்க கறுக்கறது" என்றார்.